எதிலும் கட்டாத ஒரு கடிகாரம்

முப்பத்து நான்கு வயதில் எனக்குப் பணி ஓய்வு விழா நடந்தது. சால்வை போர்த்தினார்கள். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொடுத்தார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் "ரிட்டயர்டு அக்கா வாழ்க" என்று கத்தினார்கள். கேலிதான், ஆனாலும் பொய்யில்லை. ஓய்வு பெற்றது என் மேசை. அதோடு நானும் எழுந்துகொண்டேன்.

ஒரகடத்தில் எங்களுடையது ஒரு கேலிப்ரேஷன் லேப். தொழிற்சாலைகளில் அளப்பதற்கு வைத்திருக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்து, சரியென்றால் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. எடைக்கு ஒரு மேசை, அழுத்தத்துக்கு ஒரு மேசை, வெப்பத்துக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று. என்னுடையது நேரமும் அதிர்வெண்ணும். இப்போது வரும் கருவிகள் செயற்கைக்கோளைப் பார்த்துத் தாங்களே தங்கள் நேரத்தைத் திருத்திக்கொள்கின்றன. என் மேசைக்குப் பெட்டிகள் வருவது வருடா வருடம் குறைந்தது. கடைசியில் மேசையையே எடுத்துவிடுவது என்று முடிவானது. என்னை அழுத்தமானிப் பக்கம் வரச் சொன்னார்கள். நான் அடுத்த மாதம் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் ஆசிரியையாகச் சேர்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த பெண்கள், "அக்கா, உங்க வேலையைப் பத்தி நாங்க படிக்கிற மாதிரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். எனக்கு எதையும் வரிசை போட்டு எழுதித்தான் பழக்கம். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வரியிலேயே ஒரு கேபிளின் கதை வந்து புகுந்துகொண்டது. சரி, அதையே எழுதிவிடலாம் என்று வரிசையை விட்டுவிட்டேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து டிப்ளமோவோடு வந்தேன். ஹாஸ்டல் அறையில் ஆறு பேர், ஒரு ஜன்னல். முதல் வருடம் பெட்டிகளைத் துடைத்தேன், ஃபார்ம் நிரப்பினேன், ஸ்டிக்கர் ஒட்டினேன். இரண்டாவது வருடம் கருவிகளைத் தொட விட்டார்கள். மற்றதெல்லாம் வசந்தா மேடம்.

மேடம்தான் எங்கள் லேபின் தலைவர். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். டீ கொண்டு வருபவரிடமும் "வைங்க"தான். ஒரு கருவியின் முன்னால் போய் நின்றால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஏன் மேடம் என்று ஒருமுறை கேட்டேன். "இல்லேன்னா எதையாவது திருகிடுவேன்" என்றார். எண்கள் மின்னும் முன்பக்கத்தை முதலில் பார்க்கவே மாட்டார். நேராகப் பின்பக்கம் போவார். புதுப் புடவையாக இருந்தாலும் தூசியில் மண்டி போட்டு, எந்த ஒயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கடைசிவரை கண்ணால் தொடர்ந்து பார்ப்பார். அதன் பிறகுதான் முன்னால் வந்து, "ம், இப்ப என்ன சொல்லுது?" என்பார்.

அளவு எடுப்பதற்கு அவர் வைத்திருந்த முறை இது. ஒருவர் எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். எழுதிய தாளை ஒருவருக்கொருவர் காட்டக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண் வேறுபட்டால் யார் தப்பு என்று மேடம் கேட்டதே இல்லை. "திரும்பப் படிப்போம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் பயமில்லாமல் வேலை பார்க்க முடிந்தது.

அவருடைய இன்னொரு வாக்கியம், "எதை வச்சு சொல்றீங்க?" கருவி சரி என்று சொன்னாலும் கேட்பார், தப்பு என்று சொன்னாலும் கேட்பார். ஒருநாள் வாசலில் நின்று, "மேடம், மழை வரும் போல இருக்கு" என்றேன். வாயைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்து, "சரி, விடுங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வேலைக்கு வெளியே எனக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது. கடிகாரம் வளர்ப்பது.

அதை ஆரம்பித்து வைத்தவன் பாஸ்கர். வடக்குப்பட்டுக்காரன், ஒரு டயர் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். கம்பெனி மீட்டர்களைக் கொண்டுவந்து எங்கள் லேபில் கொடுக்க வருவான். ஒருநாள் என் மேசையில் இருந்த டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது ருபீடியமா மேடம்?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கூட்ல ரெண்டு கீது."

ருபீடியம் கடிகாரம் என்பது அந்த உலோகத்தின் ஆவியை வைத்து நேரம் காக்கும் பெட்டி. வருடக்கணக்கில் ஓடினாலும் ஒரு வினாடி பிசகாது. முன்பெல்லாம் மொபைல் டவர்களின் அடியில் இவை இருந்தன. டவர்களில் கருவிகளை மாற்றியபோது பழையவை காயலான் கடைக்கு வந்தன. செம்பு ஒயர் வாங்கப் போன பாஸ்கர் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். எதற்கு என்று அப்போது அவனுக்கே தெரியாதாம்.

அவன் வீட்டு மாடியில் ஒரு சிறிய அறை. ஜன்னலைத் திறந்தால் நாலு பக்கமும் ஷெட் கூரைகள்தான். அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் மூன்று பேர் கூடினோம். மூன்றாவது ஆள் இசக்கிமுத்து. திருச்செந்தூர் பக்கத்து ஊர். மண்ணூரில், லாரிகளுக்கான டேஷ்போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் டெக்னீஷியன். இணையத்தில் எதையோ தேடப் போய் பாஸ்கரைக் கண்டுபிடித்தவன். எங்களில் சுத்தமாக வேலை செய்கிறவன் அவன்தான். அவன் பற்றவைத்த இடம் பாத்திரக் கடைப் பாத்திரம் போல மின்னும்.

அறைக்கு மேலே, மொட்டை மாடியில் ஒரு செயற்கைக்கோள் ஆன்டெனா நட்டோம். வெள்ளையாக, காளான் போல இருக்கும். கீழே அறையில் கடிகாரங்கள். ஆன்டெனா வழியாக வரும் நேரத்தைப் பார்த்து அவை தங்களை மெல்ல மெல்லத் திருத்திக்கொள்ளும். ஒருமுறை எல்லாக் கடிகாரங்களும் ஒரே நேரத்தில் ஆன்டெனாவைக் காணோம் என்று விளக்கு போட்டன. பாஸ்கர் கனெக்டரைக் கழற்றினான், இசக்கி கேபிளைச் சோதித்தான், நான் பவர் சப்ளையைப் பார்த்தேன். கடைசியில் மொட்டை மாடிக்குப் போனால், பாஸ்கரின் அம்மா தனம்மா ஈரப் பாவாடையை ஆன்டெனா மேல் விரித்துக் காயப்போட்டிருந்தார்.

"யம்மா, இன்னாம்மா இது!"

"கொடியில எடமில்லடா. காலங்காத்தால இருந்து சும்மாதான நின்னுகினு கீது, ஒரு பாவாட காயப் போட்டா இன்னா கொறஞ்சிடும்?"

"வானத்தப் பாக்கணும்மா அது."

"ஏன், வானம் எங்க ஓடிடப் போவுது?"

ஆனாலும் மறுவாரம் நாங்கள் போனபோது கொடியின் அந்த முனையை ஆன்டெனாவுக்கு விட்டுக்கொடுத்து, தன் துணிகளை நெருக்கிப் போட்டிருந்தார். அந்த ஒரு முழக் கொடிக்கு நான் இன்றும் நன்றி சொல்ல வேண்டும்.

அந்த அறையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, யார் கேபிள் செய்தாலும் இரண்டு முனையிலும் தன் நிறத்தில் ஒரு வளையம் மாட்ட வேண்டும். சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் வளையம். பாஸ்கருக்குச் சிவப்பு, எனக்கு நீலம், இசக்கிக்குப் பச்சை. ஒரு கேபிள் தகராறு செய்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமே!

இரண்டாவது வழக்கம் நான் மேடத்திடமிருந்து கொண்டுவந்தது. ஒரு கடிகாரத்தை மட்டும் எதோடும் இணைக்காமல் தனியாக ஓட விடுவோம். மற்றவற்றைப் போல அது வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளாது. மெல்ல விலகிப் போகும். போகட்டும், நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம். மற்றதெல்லாம் சேர்ந்து ஏமாந்தால் காட்டிக்கொடுக்க ஒன்றாவது வேண்டும்.

இசக்கிக்கு அது பிடிக்கவே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் மற்ற கடிகாரங்களின் கோடுகள் நேராகப் போகும்போது இது மட்டும் சரிவாக இறங்கிக்கொண்டிருக்கும்.

"பாக்கதுக்கே ஒரு மாரி இருக்குக்கா. ஒரு கேபிள் போட்டா நேராயிரும்லா. அஞ்சு நிமிச வேல."

"அது நேராகணும்னு வைக்கல, இசக்கி."

"பின்ன எதுக்கு? கோணலாப் போறதப் பாக்கதுக்கா?"

"மச்சி, அது நம்ம வூட்டு மாப்ள மாதிரி. யார் பேச்சயும் கேக்காது, வுடு" என்பான் பாஸ்கர். அதோடு பேச்சு முடியும்.

இனி, அந்தக் கேஸ்.

இசக்கியின் கம்பெனியிலிருந்து எங்கள் லேபுக்கு ஒரு புகார் வந்தது. அவர்கள் செய்யும் டேஷ்போர்டில் ஒரு கடிகாரம் உண்டு. லாரி டிரைவர்கள் அது முந்துகிறது என்று சொல்கிறார்களாம், மாதம் ஒரு நிமிடம் போல. கம்பெனி லைனில் ஒவ்வொரு டேஷ்போர்டின் கடிகாரத்தையும் கவுன்ட்டர் என்ற அதிர்வெண் அளக்கும் கருவியில் அளந்து, எவ்வளவு பிசகுகிறதோ அதற்கேற்ற திருத்தத்தை அதற்குள்ளேயே எழுதிவைப்பார்கள். அந்தக் கவுன்ட்டரில் ஒட்டியிருந்தது எங்கள் ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் இருந்தது என் கையெழுத்து.

திரும்பி வந்த டேஷ்போர்டுகளில் சிலவற்றைக் கேட்டு வாங்கினோம். மேடமும் நானும் அளந்தோம். எல்லாம் முந்தின, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு முந்தின. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மேடம், "தப்பு பண்றதுல இவ்வளவு ஒத்துமையா!" என்றார். தனித்தனியாகக் கெட்டுப்போயிருந்தால் ஆளுக்கொரு பக்கம் போயிருக்கும். எல்லாம் ஏதோ ஒன்றைப் பார்த்துக் கெட்டுப்போயிருக்கின்றன.

கவுன்ட்டரை லேபுக்கு வரவழைத்தோம். சரியாக இருந்தது. மறுபடி அளந்தோம். சரியாகவே இருந்தது. கருவி சரி, அது அளந்ததெல்லாம் தப்பு. அப்படியானால் கேள்வி என் கையெழுத்தின் மேல்தான் வந்து நிற்கும்.

"அங்க போய்ப் பார்ப்போம். அது வேலை செய்யற இடத்துலயே" என்றார் மேடம்.

நேரக் கருவியை வெளியே எடுத்துப் போவதில் ஒரு சிரமம் உண்டு. அதை அணைக்கக் கூடாது. அணைத்துப் போட்டால் மறுபடி நிலைக்கு வர வெகுநேரம் ஆகும். அதனால் பேட்டரியோடு உயிராகவே கொண்டுபோக வேண்டும். லேபின் ருபீடியம் பெட்டியைக் கெட்டியான ஸ்பாஞ்சில் வைத்து மடியில் ஏற்றிக்கொண்டு வேனில் உட்காரும்போது நான் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் வரிசை இது: பேட்டரி நிறைந்திருக்கிறதா, ஒயரை ஆட்டிப் பார்த்தாயா, விளக்கு பச்சையா, வெயில் படாத பக்கமா, ஏசி காற்று நேராக அடிக்கிறதா, டிரைவர் அண்ணனிடம் வேகத்தடையைச் சொன்னாயா. டிரைவர் அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும், "புள்ளத்தாச்சிய கூட்டினு போறா மாதிரி போறேம்மா, போதுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மண்ணூர் கம்பெனியில் எங்களை அழைத்துப் போனவர் சூப்பர்வைசர் ரவி சார். கோபத்தை மறைக்கத் தெரியாதவர். "உங்க ஸ்டிக்கர்தான மேடம் ஒட்டியிருக்கு? அப்புறம் எங்க லைனை வந்து பார்த்து என்ன பண்ணப் போறீங்க?"

மேடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பின்பக்கம் பார்க்கணும். இந்த ரேக்கைக் கொஞ்சம் முன்னாடி இழுக்கச் சொல்றீங்களா?"

கருவிகளை அடுக்கிய ரேக் சுவரை ஒட்டி நின்றது. இரண்டு பேர் இழுத்தார்கள். மேடம் மண்டி போட்டார், நான் டார்ச் அடித்தேன். ரேக்கின் பின்பக்கத்தில்கூட யாரோ அக்கறையாகச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே, மேலே இருந்த, சோதனைக்குத் துடிப்பு அனுப்பும் சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து கீழே இருந்த கவுன்ட்டருக்கு ஒரு சிறிய கேபிள் போயிற்று. நாங்கள் கவுன்ட்டரை லேபுக்கு அனுப்பச் சொன்னபோது கழற்றியிருக்கிறார்கள், திரும்பி வந்ததும் இருந்தபடியே மாட்டியிருக்கிறார்கள். சுத்தமான வேலை.

இரண்டு முனையிலும் பச்சை வளையம்.

இரண்டு முனையையும் இன்னொரு முறை டார்ச் அடித்துப் பார்த்தேன். இசக்கியின் நிறம்தான். இசக்கிக்கு அந்த வாரம் இரவு ஷிஃப்ட். அவன் அங்கே இல்லை. மாதக் கடைசியில் நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் போடப் போகிறார்கள், அதில் தன் பெயர் இருக்கிறது என்று முந்தின ஞாயிறுதான் சொல்லியிருந்தான். ஐந்து வருடக் கான்ட்ராக்ட். பட்டியலில் வராவிட்டால் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்தக் கேபிள் என்ன செய்தது என்பதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டருக்குள் ஒரு கடிகாரம், கவுன்ட்டருக்குள் ஒரு கடிகாரம். இரண்டும் தனித்தனியாக இருந்தால் ஒன்று கெட்டால் மற்றது காட்டிக்கொடுக்கும். தினமும் காலையில் அந்தச் சோதனையைத்தான் லைனில் செய்தார்கள். ஜெனரேட்டரைக் கவுன்ட்டரில் அளந்து பார்ப்பார்கள். ஆனால் கேபிள் போட்டதும் கவுன்ட்டர் தன் கடிகாரத்தை விட்டுவிட்டு ஜெனரேட்டரின் கடிகாரத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு ஜெனரேட்டர் எவ்வளவு பிசகினாலும் கவுன்ட்டர் 'மிகச் சரி' என்றே சொல்லும். தன் உயரத்தைத் தன் முழத்தாலேயே அளப்பது மாதிரி. ஜெனரேட்டருக்குள், கடிகாரம் துடிக்க உதவும் படிகத்தைச் சூடாக வைத்திருக்கும் சின்ன அடுப்பு எப்போதோ செத்துப்போயிருக்கிறது. கடிகாரம் வேகமாக ஓடியிருக்கிறது. அதைப் பார்த்து நேரம் வைத்த டேஷ்போர்டுகளும் வேகமாக ஓடின. எங்கள் லேபுக்கு வந்தபோது கவுன்ட்டர் கேபிள் இல்லாமல் தனியாக வந்தது. தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடியது. சரியாக இருந்தது.

இதெல்லாம் எங்களுக்கு அந்தக் கேபிளைப் பார்த்த கணத்திலேயே புரிந்துவிட்டது என்றாலும், மேடம் ஒரு படியையும் விடவில்லை. முதலில் எதையும் தொடாமல், இருந்தபடியே எங்கள் ருபீடியத்தை அந்தக் கவுன்ட்டரில் அளந்தோம். குறைத்துக் காட்டியது. பிறகு கேபிளைக் கழற்றி, கவுன்ட்டர் தன் கடிகாரத்தில் நிலைக்கு வரக் காத்திருந்து, மறுபடி அளந்தோம். சரியாகக் காட்டியது. பிறகு அதே கவுன்ட்டரில் ஜெனரேட்டரை அளந்தோம். ஒவ்வொன்றையும் நான் படிக்க அவர் எழுதினார், அவர் படிக்க நான் எழுதினேன். கடைசியாக மேடம், "ரவி சார், நீங்களே அந்தக் கேபிளைத் திரும்ப மாட்டுங்க" என்றார். மாட்டினார். ஆடிக்கொண்டிருந்த எண்கள் அத்தனையும் பூஜ்யமாகி வரிசையாக நின்றன.

ரவி சார் அந்தப் பூஜ்யங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தினம் காலைல இதைத்தான் பார்த்து டிக் போடறோம் மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை.

"கேபிள் யார் போட்டது?"

"மெஷினோட வந்திருக்கும். பின்பக்கம் நாங்க யாரும் கை வைக்கறதில்ல."

மேடம் தலையாட்டினார். நான் ஸ்பாஞ்சை மடித்தேன்.

வேனில் ஏறி, கம்பெனி கேட் தாண்டியதும் சொல்லிவிட்டேன். "மேடம், அந்தக் கேபிள் யாரோடதுன்னு எனக்குத் தெரியும்."

"எதை வச்சு சொல்றீங்க?"

வளையத்தைச் சொன்னேன். மாடி அறையைச் சொன்னேன். இசக்கியைச் சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்ட சொன்னது நல்லது. அப்போ இந்த ரிப்போர்ட்ல நீங்க கையெழுத்து போட வேணாம். நான் போட்டுக்கறேன்."

"அவன் பேரு?"

"நம்ம ஃபார்ம்ல அதுக்குக் கட்டமே கிடையாதே. கேபிள் இருந்துச்சு, இன்ன இடத்துலேர்ந்து இன்ன இடத்துக்குப் போச்சு, எடுத்தா இப்படி, போட்டா இப்படி. அவ்வளவுதான் நாம அளந்தோம்." கொஞ்ச தூரம் போன பிறகு, "ரிப்போர்ட் நாளைக்கு அவங்க கைக்குப் போயிடும். அதுவரை நீங்க அவர்கிட்ட பேச வேணாம். அதுக்கப்புறம் அவர் கேட்டா, உள்ளதைச் சொல்லுங்க" என்றார்.

என் பெயரைக் காப்பாற்ற இசக்கியின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே வராதபடி அந்த ஃபார்மை யாரோ என்றோ வடிவமைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் என் நன்றி.

அந்த ஞாயிறு நான் போனபோது இசக்கி முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். பாஸ்கர் எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களாக்கா?" என்றான் இசக்கி. வணக்கம்கூட இல்லை.

"பார்த்தேன்."

"பச்ச வளையம்?"

"பார்த்தேன். மேடம்கிட்ட மட்டும் சொன்னேன். ரிப்போர்ட்ல பேரு கிடையாது."

அவன் தரையைப் பார்த்தான். "காலைல டெஸ்ட் பண்ணுதப்ப கடைசி ரெண்டு நம்பரும் ஆடிக்கிட்டே கெடக்கும்க்கா. ஷிஃப்ட் மாறும்போது தினம் சண்ட. இங்க நம்ம எல்லாத்தயும் ஒண்ணோட ஒண்ணு கட்டுதோம்லா, அதயே அங்கயும் செஞ்சா சுத்தமா இருக்கும்னு நெனச்சேன். பூஜ்யமா நின்னிச்சி. எல்லாருக்கும் சந்தோசம். இதப் போயி யார்ட்ட சொல்லணும்னு சொல்லல."

"வுடு மச்சி" என்றான் பாஸ்கர். "அவனுங்களே மெஷினோட வந்துச்சுன்றானுங்க. நீ இன்னாத்துக்குக் கெளறினு? லிஸ்ட்ல பேர் வர்ற வரிக்கும் கம்முனு குந்து."

"அதாம்ல கஷ்டம்." இசக்கி எழுந்து நின்றான். "மெஷினோட வந்துச்சுன்னா, மெஷின் வந்த நாள்லேந்து செஞ்ச பூராத்தயும் திருப்பி எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க. எத்தன லாரி தெரியுமால? எங்கெங்கயோ ஓடுது. வாரா வாரம் ஞாயித்துக்கெழம எல்லாரும் வந்து பொட்டியப் பிரிக்கணுமாம். கேபிளுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம் நல்ல பீஸுல்லா. கவுன்ட்டர் அதோட கடியாரத்துல ஓடிக்கிட்டு இருந்திச்சி, அக்கா கையெழுத்து போட்ட கடியாரம். அத எதுக்குப் பிரிக்கணும்?"

"அவங்களுக்குத் தெரியாதுல்ல, எப்ப போட்டதுன்னு" என்றேன்.

"எனக்குத் தெரியும்க்கா. ஆயுத பூசைக்கு மெஷினெல்லாம் தொடச்சம்லா. அன்னைக்குத்தான் ரேக்க சொவத்துலேந்து இழுத்தாங்க. பின்னாடி போயி சந்தனம் வச்சவன் நாந்தான். அப்பமே கேபிளயும் மாட்டிட்டேன்."

அந்தச் சந்தனத்தின் மேல் டார்ச் அடித்தது நினைவுக்கு வந்தது.

தனம்மா தட்டில் டீயோடு ஏறி வந்தார். "இத்தினி கடியாரம் வெச்சிகினு ஒருத்தனாவது டைமுக்கு எறங்கி வந்து டீ குடிக்கிறீங்களாடா? நான்தான் தூக்கினு ஏறணும்." யாரும் சிரிக்கவில்லை. "இன்னா, எதுனா பொணம் வுழுந்துடுச்சா?"

"ஒண்ணுமில்லம்மா" என்று இசக்கி டம்ளரை வாங்கிக்கொண்டான். திரையைப் பார்த்தபடியே குடித்தான். நேர்க்கோடுகளுக்கு நடுவே அந்த ஒற்றைக் கடிகாரத்தின் கோடு வழக்கம்போல் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இதயும் கட்டிருவோம்னு நாந்தானக்கா வாராவாரம் சொன்னேன்?"

"நீதான்."

"ம்" என்றான். டம்ளரைக் கீழே வைத்தான். "நாளைக்கு ரவி சாரப் பாக்கேன்."

பாஸ்கர் பற்றவைப்பதை நிறுத்திவிட்டான். "லூசாடா நீ? பேர் போயிடும்."

"போவும்" என்றான் இசக்கி.

நான் அவனைப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த அறையில் அதைச் சொல்லத் தகுதி அவனுக்கு மட்டும்தான் இருந்தது.

மறுநாள் நடந்ததை ரவி சாரே பிறகு எங்களிடம் சொன்னார். இசக்கி போய், "சார், அது நான் போட்ட கேபிள்" என்றிருக்கிறான். ரவி சார், "யாருமே கேக்கலையேடா, நீயா வந்து ஏண்டா மாட்டிக்கற?" என்று கத்தியிருக்கிறார். "எப்பம் போட்டதுன்னு ஒங்களுக்குத் தெரியாதுல்லா சார்" என்றானாம்.

ஆயுத பூஜைக்குப் பின் செய்தவற்றை மட்டும் திருப்பி எடுத்தார்கள். முன்பு செய்தவை லாரிகளிலேயே நிம்மதியாக ஓடின. பெட்டிகளைப் பிரிக்கும் ஞாயிறுகள் வெகுவாகக் குறைந்தன. லைனில் சிலர், கிடைக்கவிருந்த ஓவர்டைம் காசு போயிற்றே என்று இசக்கியைத் திட்டவும் செய்தார்கள். பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. கான்ட்ராக்ட் முடிந்ததும் அவன் ஊருக்குப் போய்விட்டான். மாடி அறையில் பச்சை வளையக் கேபிள்களை எந்த வேலைக்கும் கழற்றாமல் நானும் பாஸ்கரும் சுற்றிச் சுற்றி வேலை பார்த்தோம்.

எங்கள் ரிப்போர்ட்டோடு மேடம் ஒரு சின்ன சிவப்பு மூடியும் அனுப்பியிருந்தார். கவுன்ட்டரின் பின்பக்கத் துளையை அடைக்க. எந்தக் கேபிளும் மாட்ட முடியாதபடி அது இன்றும் அங்கே இருக்கிறது.

அடுத்த வருடம் எங்கள் லேபில் ஒரு டெக்னீஷியன் வேலை காலியானது. விண்ணப்பங்களை மேடத்தின் மேசையில் வைத்தேன். அதில் ஒன்று திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்திருந்தது. அதோடு ரவி சார் கைப்பட எழுதிய சிபாரிசு ஒன்றும் இருந்தது. நேர்காணலில் நான் உட்காரக் கூடாது என்று மேடமே சொல்லிவிட்டார். கதவுக்கு வெளியே நின்றதில் ஒரு கேள்வி மட்டும் காதில் விழுந்தது.

"ஒரு கருவியை முதல்ல எங்க பார்ப்பீங்க?"

"பின்னாடி மேடம்" என்றான் இசக்கி. "நான் மாட்டிருந்தா இன்னும் நல்லா பாப்பேன்."

மேடம் சிரித்த சத்தம் வெளியே வரை கேட்டது.

நான் வேண்டாம் என்ற அழுத்தமானி மேசை இப்போது அவனுக்குத்தான் போயிருக்கிறது. நிரந்தர வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வடக்குப்பட்டு அறை இன்னும் நடக்கிறது. தனம்மா இப்போது யாராவது புதிதாக மாடிக்கு வந்தால், "அந்தக் காளான் மேல கை வெக்காத, வானத்தப் பாக்கணும் அது" என்று அதட்டுகிறார்.

என் விழாவில் மேடம் இரண்டு வாக்கியம்தான் பேசினார். "சுகந்தியோட தாளும் என்னோட தாளும் நிறைய தடவை ஒத்துப்போயிருக்கு. ஒத்துப்போகாத தடவைகள்லதான் நான் கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைகள் மடியில் இருந்தன. அவருக்கு அன்று திருக எதுவும் இல்லை.

பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைப் பிரித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கடிகாரங்களோடு மாரடித்தவளுக்குக் கடிகாரமா என்று யாரோ கேலி செய்தார்கள். இசக்கி என் கையிலிருந்து அதை வாங்கினான். முகப்பைப் பார்க்கவில்லை. அப்படியே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். ஒரு பேட்டரி, ஒரு ஆணித் துளை, வேறொன்றும் இல்லை.

"பின்னாடி ஒண்ணும் கெடையாதுக்கா" என்றான். "தனியாத்தான் ஓடுது. எதுலயும் கட்டிராதீங்க."